முகாமுக்கு வராதவரை எண்ணுவது: கண்புரை ஆபரேஷனில் ஏற்றத்தாழ்வை அளக்கும் ஒரு மாதிரி ஆய்வு

1990களின் கடைசியில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் கண் முகாமுக்கு வந்து சேர்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான் என்று அது கண்டது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976-இல். முகாம், இலவச ஆபரேஷன், கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வண்டி எல்லாம் ஊர் ஊராகப் பழகி இருபது வருஷம் ஆன வட்டாரத்தில் கிடைத்த எண் இது. 2004 முதல் சிறிய ஊர்களில் நிலையான பார்வை மையங்கள் திறக்கப்பட்டதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

எந்த முகாம் பதிவேட்டைப் புரட்டியும் இந்த எண்ணை எடுத்திருக்க முடியாது. பதிவேட்டில் வந்தவர் பெயர் மட்டுமே இருக்கும். வீடு வீடாகப் போய், வராதவரையும் உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்ததால்தான் எதால் வகுப்பது என்பது தெரிந்தது. மக்களுக்குள் உடல்நல ஏற்றத்தாழ்வை அளக்கும்போது பெரும்பாலான பிழைகள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன. எந்தக் குறியீட்டெண்ணைப் போடுவது என்று நாள்கணக்கில் வாதாடுகிறவர்கள், எதை எதால் வகுக்கிறோம் என்பதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரே தரவை வைத்துக்கொண்டு வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் பதில் எப்படித் தலைகீழாகிறது என்பதைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

களமாக, உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களைப் போன்ற ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக அமைத்தவை. எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. முறை, வரையறை, களத்தில் வரும் சிக்கல் ஆகியவை உண்மையானவை.

யாரை, எத்தனை பேரை

தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை விரைவாக மதிப்பிடுவதற்கென்று உலகம் முழுக்கப் பயன்படும் முறை ஒன்று உண்டு. 50 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்ப்பார்கள். பார்வையிழப்பில் பெரும்பங்கு அந்த வயதில்தான் இருக்கிறது. ஒரு கொத்துக்கு, அதாவது மாதிரிக்காக எடுத்த ஒரு குடியிருப்புப் பகுதிக்கு, 50 பேர். ஒரு குழு ஒரு நாளில் ஒரு கொத்தை முடிக்கலாம். நம் ஒன்றியத்துக்கு 60 கொத்து, 3,000 பேர். மூன்று குழுக்கள் இருந்தால் 20 வேலை நாள். 50 பெரியவர்கள் கிடைக்க நம் பக்கத்துக் கிராமத்தில் அறுபது வீட்டுக்குக் குறையாமல் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கொத்துகளை மக்கள்தொகைக்கு ஏற்ப எடுக்க வேண்டும். கையில் இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. சாலையோரமாக வீட்டுமனை போட்டு வளர்ந்த ஊர்கள் அந்தப் பட்டியலில் சிறியதாகவே நிற்கும். வாக்காளர் பட்டியலின் பாகவாரி எண்ணிக்கையோடு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, தேர்வான ஊரைப் படம் வரைந்து சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி ஒரு துண்டை எடுப்பது. முறையை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்காத பிழை இங்கே வரும். படம் வரைய உதவி கேட்டால் ஊர்க்காரர் மந்தையில் (ஊர்ப் பொதுத்திடலில்) நின்று கையைக் காட்டுவார். மந்தை, கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று படம் வளரும். காலனி படத்துக்கு வெளியே போய்விடும். சில நேரம் அது கண்மாய்க்கு அந்தப் பக்கம் தனிப் பெயரோடு இருக்கும். கேட்டால் 'அது வேற ஊருங்க' என்பார்கள். காலனியும் தோட்டத்து வீடுகளும் விடுபட்ட மாதிரியில் ஏற்றத்தாழ்வைத் தேடுவது வீண்வேலை. ஊராட்சி அலுவலகத்தில் குடிநீர்த் தொட்டிகளின் பட்டியலையோ தெருவிளக்குப் பட்டியலையோ வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பும் படத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும்.

பகலில் போனால் கூலிக்குப் போனவர்கள் கிடைக்க மாட்டார்கள். நூறு நாள் வேலை நடக்கும் வாரமென்றால் அறுபது வயதுப் பெண்கள்கூட வீட்டில் இருக்க மாட்டார்கள். வேலைக்குப் போகும் அளவுக்குப் பார்வை இருப்பவர்கள் விடுபட்டு, முடியாதவர்கள் மட்டும் மாதிரியில் சேர்ந்தால் குறை உள்ளவர் விகிதம் பொய்யாக ஏறும். ஏழை வீடுகளில் இது இன்னும் அதிகம் ஏறும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் ஒருமுறை திரும்பப் போவதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வயசும் கண்ணும்

வயதைக் கேட்டால் 50, 55, 60 என்று வட்டமான எண்களில்தான் வரும். அட்டையில் இருக்கும் வயதும் ஒருகாலத்தில் யாரோ குத்துமதிப்பாகப் போட்டதே. முதியோர் உதவித்தொகைக்கு 60 ஆக வேண்டும் என்பதால் சில அட்டைகளில் வயது மூத்தே நிற்கும். ஊருக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்பது மேல்: வைகை அணை திறந்தது 1959, தனுஷ்கோடிப் புயல் 1964, அண்ணா இறந்தது 1969, எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977. "அப்பத்தா, எம்.ஜி.ஆர். மொத வாட்டி செயிச்சப்ப நீங்க வயசுக்கு வந்துட்டீகளா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், "வயசு என்ன?" என்ற கேள்விக்குக் கிடைப்பதைவிட நம்பத்தக்கது.

பார்வைக்கு, நாலு திசையும் திரும்பிய ஈ எழுத்து அட்டை. அளந்து கயிறு கட்டிய தூரம். ஐந்தில் நாலு சரியாகச் சொன்னால் அந்த வரி தேறியது. முதலில் அவர் எப்படி வந்தாரோ அப்படியே, கண்ணாடி போடுபவரென்றால் கண்ணாடியோடு. அதில் 6/12 (நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் படிப்பது) தேறாதவருக்கு ஊசித்துளை வைத்து மறுபடி. துளை வழியாகப் பார்வை ஏறினால் கண்ணாடி போட்டால் சரியாகும் குறை என்று பொருள். பிறகு வீட்டுக்குள் இருட்டான மூலையில் கண்ணுக்குள் இருக்கும் வில்லையை (லென்ஸை) பார்ப்பது: தெளிவா, புரையா, செயற்கை லென்ஸா, லென்ஸே இல்லாமல் எடுத்துவிட்டதா.

இரண்டு பார்வை அளவும் தாளில் தனித்தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். களத்தில் அவசரப்பட்டு நல்லதை மட்டும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். பின்னால் வரும் முக்கியமான கணக்கு இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

யார் ஏழை

இந்தியாவில் வீட்டுச் சொத்துக் குறியீடு என்றால் தேசியக் குடும்பநல ஆய்வின் பட்டியலைத்தான் பலரும் எடுப்பார்கள்: வீட்டில் இருக்கும் பொருள்கள், சுவர், கூரை, கழிப்பறை, அடுப்பு. முதன்மைக் கூறு பகுப்பாய்வில், அதாவது எந்தப் பொருள் வீடுகளை எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்று பார்க்கும் கணக்கில், ஒவ்வொன்றுக்கும் எடை கிடைக்கும். கூட்டினால் வீட்டுக்கு ஒரு மதிப்பெண். வரிசைப்படுத்தி ஐந்தாகப் பிரித்தால் முடிந்தது.

தமிழ்நாட்டில் அது அவ்வளவு லேசில் முடியாது. 2006-க்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது; 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பிறகு எரிவாயு இணைப்பு, அரசுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருள் யாரையும் பிரித்துக் காட்டாது. அதன் எடை பூச்சியத்தை ஒட்டி விழும். அரிசி அட்டையும் ஏறக்குறைய எல்லாரிடமும் உண்டு. தேசிய அளவில் வகுத்த ஐந்து படிகளை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால் அடிப்படியில் ஆளே மிஞ்ச மாட்டார்கள். ஒன்றியத்துக்குள்ளேயே வரிசைப்படுத்தி, இங்கே உண்மையில் பிரித்துக் காட்டும் பொருள்களைச் சேர்க்க வேண்டும்: கிணறோ போரோ உள்ள நிலம், சொந்தமாக வாங்கிய இருசக்கர வண்டி, குளிர்பதனப் பெட்டி, வீட்டுக்குள் குழாய், தனிச் சமையலறை, மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குபவர் ஒருவர். மிக்சி இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, இலவச மிக்சி போக இன்னொன்று வாங்கினார்களா என்று கேட்கலாம்.

முதியவர்களைப் பொறுத்தவரை இன்னொரு கோளாறு உண்டு. வீட்டு மதிப்பெண் மகனுடைய மதிப்பெண். மகன் வீட்டு வாசலில் கார் நின்றாலும் ஆத்தா கையில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாரா, உதவித்தொகை வருகிறதா, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர ஆள் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைத் தனியே வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணோடு கலக்காமல் பிரித்துப் பார்ப்பதே சரி. சமூகப் பிரிவையும் அவர் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும். தெருவை வைத்து ஊகித்து எழுதக் கூடாது.

மூன்று வகுத்தல்கள்

இனி தரவு. பிரிவு 1 மிக ஏழை, 5 மிக வசதி. 'தேவையுள்ளவர்' என்பதில் மூன்று வகையினர் அடங்குவர்: இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனவர், ஒரு கண்ணில் ஆகி, மறு கண்ணின் சரிசெய்த பார்வை 6/12-க்குக் கீழே இருப்பவர், ஆபரேஷனே ஆகாமல் புரையால் இரண்டு கண்ணும் 6/12-க்குக் கீழே இருப்பவர். ஒரு கண்ணில் ஆகி மறு கண் நன்றாகத் தெரிகிறவர் இந்தக் கணக்கில் வர மாட்டார்.

| பிரிவு | பரிசோதித்தவர் | தேவையுள்ளவர் | ஆபரேஷன் ஆனவர் | 6/12 அல்லது மேலாகத் தெரிபவர் |
|---|---|---|---|---|
| 1 | 600 | 150 | 84 | 42 |
| 2 | 600 | 130 | 78 | 45 |
| 3 | 600 | 100 | 66 | 42 |
| 4 | 600 | 90 | 63 | 45 |
| 5 | 600 | 70 | 56 | 42 |
| மொத்தம் | 3,000 | 540 | 347 | 216 |

முதலில் ஆபரேஷன் ஆனவரைப் பரிசோதித்தவரால் வகுப்போம். ஏழைப் பிரிவில் 14 சதவீதம், வசதிப் பிரிவில் 9.3 சதவீதம். இலவச ஆபரேஷன் ஏழைகளைத்தான் அதிகம் சென்றடைந்திருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடலாம். மருத்துவமனை வருடாந்தர எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்துப் போடும் அறிக்கைகள் எல்லாம் இந்த வகைதான்.

அடுத்து, அதே ஆபரேஷனைத் தேவையுள்ளவரால் வகுப்போம். 56, 60, 66, 70, 80. முதல் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிட்டது. ஏழைகளுக்கு ஆபரேஷன் அதிகம் நடந்திருக்கிறது; தேவை அதைவிட அதிகமாக இருந்திருக்கிறது. வெயிலில் வேலை, புகை அடுப்பு, சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டது என்று காரணம் பல இருக்கலாம். அவை வேறு ஆய்வுக்கு உரியவை. பயனை அளக்கிறவர் தேவையால் வகுக்காவிட்டால், நோய் அதிகமுள்ள இடத்தைச் சேவை அதிகமுள்ள இடமாகவே படித்துவிடுவார்.

மூன்றாவது, ஆபரேஷன் ஆகி நல்ல பார்வையும் கிடைத்தவரைத் தேவையுள்ளவரால் வகுப்பது. உலக சுகாதார அமைப்பு இதைப் பயனுள்ள கண்புரை அறுவைப் பரப்பு என்று வரையறுத்திருக்கிறது. பரப்பு என்றால் தேவையுள்ளவரில் எத்தனை சதவீதத்தினரைச் சேவை எட்டியது என்பது; இரண்டாவது வகுத்தலில் வந்தது வெறும் ஆபரேஷன் பரப்பு. 2030-க்குள் இதை 30 சதவீதப் புள்ளி உயர்த்துவது என்று 2021-இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு வைத்தது. நம் ஒன்றியத்தில் மொத்தம் 40 சதவீதம். பிரிவுவாரியாக 28, 34.6, 42, 50, 60. ஏழைக்கும் வசதியானவருக்கும் இடைவெளி 24 புள்ளியிலிருந்து 32 ஆகிவிட்டது. விகிதமாகச் சொன்னால் 1.43 மடங்கு 2.14 மடங்காகிறது.

அந்த 32 புள்ளி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். ஏழைப் பிரிவின் 28 என்பது 56 சதவீதப் பரப்பும் அதில் 50 சதவீத நல்ல பலனும். வசதிப் பிரிவின் 60 என்பது 80-உம் 75-உம். ஏழைகளின் பரப்பை மட்டும் 80 ஆக்கினால் 40 வரை ஏறும். 12 புள்ளி லாபம். பரப்பைத் தொடாமல் பலனை மட்டும் 75 ஆக்கினால் 42. 14 புள்ளி லாபம். மீதி 6 புள்ளி இரண்டும் சேர்ந்தால்தான் கிடைக்கும். இன்னும் நிறைய முகாம் போடுவதைவிட, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களை மறுபடி பார்ப்பது கூடுதல் வேலை செய்யும் என்று இந்தத் தரவு சொல்கிறது. பரப்பை மட்டும் அளந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

குறியீட்டெண்கள்

அடிப்படிக்கும் மேற்படிக்கும் உள்ள இடைவெளி, நடுவில் இருக்கும் மூன்று பிரிவுகளைக் கண்டுகொள்ளாது. லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, இதய நோய் மரணம் கடைநிலை ஊழியரிடம் மட்டும் குவியாமல் பதவிப் படி ஒவ்வொன்று இறங்கும்போதும் கூடுவதைக் காட்டியது. படிக்கட்டை அளக்க எல்லாப் படியும் வேண்டும்.

சாய்வுக் குறியீடு அதற்கானது. தேவையுள்ள 540 பேரை ஏழையிலிருந்து வசதிவரை நிற்கவைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும். பிரிவு 1 முதல் 27.8 சதவீத இடத்தைப் பிடிக்கும். அதன் நடு இடம் 0.139. அடுத்தவற்றின் நடு இடங்கள் 0.398, 0.611, 0.787, 0.935. இந்த இடங்களை ஒரு அச்சிலும் பரப்பை மறு அச்சிலும் வைத்து, ஆள் எண்ணிக்கையை எடையாகக் கொடுத்து நேர்கோடு பொருத்தினால் கோட்டின் சரிவே விடை. ஆபரேஷன் பரப்புக்கு 26.9 புள்ளி, பயனுள்ள பரப்புக்கு 37.6 புள்ளி. நடு இடங்களாக 0.1, 0.3, 0.5, 0.7, 0.9 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் உண்டு. பரிசோதித்தவரில்தான் பிரிவுக்கு 600 பேர். தேவையுள்ளவரில் பிரிவுகள் சமமாக இல்லை. யாரை வரிசையில் நிறுத்தினோம் என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

செறிவுக் குறியீட்டெண்ணும் இதே வரிசையில் பிறப்பதுதான். பூச்சியமென்றால் சமம்; கூட்டல் குறியென்றால் வசதியானவர் பக்கம் குவிந்திருக்கிறது, கழித்தல் குறியென்றால் ஏழைகள் பக்கம். பரப்புக்கும் இடத்துக்கும் உள்ள உடன்மாறுபாட்டை (இரண்டும் சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்ற அளவை) இரண்டால் பெருக்கி, சராசரிப் பரப்பால் வகுக்க வேண்டும். பயனுள்ள பரப்புக்கு உடன்மாறுபாடு 0.0298, விடை 0.149. ஆபரேஷன் பரப்புக்கு 0.066. சுகாதாரப் பொருளாதாரத்தில் வாக்ஸ்டாஃபும் உடனாளிகளும் 1991-இல் பரவலாக்கிய அளவு இது.

ஆம், இல்லை என்று பதில் வரும் விஷயத்தில் இந்த எண்ணுக்கு ஒரு விகாரம் உண்டு. பலன் கிடைத்ததை அளந்தால் 0.149. பலன் கிடைக்காததை அளந்தால் சராசரி 60 சதவீதம்; விடை −0.099. அதே 540 பேர், அதே கண்கள்; ஒரு பக்கம் பார்த்தால் ஏற்றத்தாழ்வு அதிகம், மறுபக்கம் பார்த்தால் குறைவு. சராசரியால் வகுப்பதால் வரும் வினை. பொருளியலாளர் எர்ரெய்கர்ஸ் 2009-இல் தந்த திருத்தத்தில், செறிவு எண்ணைச் சராசரியால் பெருக்கி நாலு மடங்காக்க வேண்டும். இரண்டு பக்கமும் 0.239 என்றே வரும், குறி மட்டும் மாறும். வாக்ஸ்டாஃப் 2005-இல் தந்த திருத்தத்தில் ஒன்றிலிருந்து சராசரியைக் கழித்து அதால் வகுக்க வேண்டும்; 0.249. அதுவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டில் எது மேல் என்று சண்டை ஓயவில்லை. ஒன்றியத்துக்கும் ஒன்றியத்துக்கும் சராசரி வேறுபடும் இடத்தில் திருத்தாத எண்ணை மட்டும் ஒப்பிட்டு வரிசை போடுவது தப்பு, அதில் சண்டையில்லை.

குழுக்களைப் பிரிக்காமல் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை மொத்தமாக அளக்கும் மரபும் ஒன்று உண்டு. 1987-இல் பொருளியலாளர் லெ கிராண்ட், வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண்ணை இறக்கும் வயதுக்கே போட்டார். 2000-ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கை, குழந்தைகள் பிழைப்பதில் தனிநபர்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு நாடுகளை வரிசைப்படுத்தியது; சமூகப் பிரிவைப் பார்க்காத அளவு அநீதியைக் காட்டாது என்று கடுமையான எதிர்ப்பும் வந்தது. ஒன்றிய மருத்துவ அலுவலருக்கு அந்த அளவால் பயன் குறைவு. பார்வை எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்து அவர் என்ன செய்ய? எந்தத் தெருவுக்கு வண்டி அனுப்புவது என்பதே அவர் கேள்வி.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

ஏழைப் பிரிவின் 150 பேரில் பெண்கள் 92, ஆண்கள் 58 என்று வைப்போம். நல்ல பலன் இரு பாலிலும் தலா 21 பேருக்கு, பெண்களில் 22.8 சதவீதம், ஆண்களில் 36.2. வசதிப் பிரிவில் 57.9-உம் 62.5-உம். ஏழைப் பெண் இரட்டைச் சுமை சுமக்கிறார் என்று தலைப்பு போட ஆசை வரும். கொத்து மாதிரி என்பதால் வடிவமைப்பு விளைவை (ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒரே மாதிரி இருப்பதால் கூடும் நிச்சயமின்மையை) 1.5 என்று எடுத்தால், ஏழைப் பிரிவில் ஆண் பெண் வித்தியாசமான 13 புள்ளியின் 95 சதவீத எல்லை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு, −5 முதல் 32 வரை போகும். இந்த மாதிரியை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஏழைக்கும் வசதியானவருக்கும் உள்ள 32 புள்ளிக்கு எல்லை 15 முதல் 49 வரை. இடைவெளி உண்டு என்பது உறுதி, எவ்வளவு என்பது அவ்வளவு உறுதியில்லை. பால், சாதி, வசதி என்று மூன்றையும் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அதை மாதிரி எடுக்கும் முன்பே முடிவு செய்து, காலனிகளிலிருந்து கூடுதலாக எடுத்து, பின்னால் எடை போட்டுச் சமன் செய்ய வேண்டும். தரவு வந்த பிறகு வெட்ட ஆரம்பித்தால் ஏதாவது ஒரு துண்டில் பெரிய எண் கிடைத்தே தீரும்.

எல்லைக்கோட்டை நகர்த்தினாலும் ஏற்றத்தாழ்வு மாறும். 6/12-க்குப் பதில் 6/60 என்று வைத்தால், மிக முற்றிய புரை உள்ளவர்கள் மட்டுமே தேவைக்குள் வருவார்கள். எல்லாப் பிரிவிலும் பரப்பு மேலே ஏறி, பிரிவுகள் நெருங்கிவிடக்கூடும். இந்தியா 2017-இல் பார்வையின்மையின் வரையறையை 6/60-லிருந்து 3/60 ஆக மாற்றியது. அதற்கு முன்னும் பின்னும் வந்த அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் பேசுகிறவர், மூல அளவுகளை எடுத்து ஒரே கோட்டில் மறுபடி கணக்கிட வேண்டும்.

உயிரோடு இருப்பவரை மட்டுமே நாம் பரிசோதிக்கிறோம் என்பதும் உண்டு. ஏழைகள் முன்னதாக இறக்கிறார்கள். எழுபதில் பார்வை மங்கிக் கிணற்றடியில் விழுந்து இடுப்பொடிந்து போனவர் எண்பது வயதுக் கணக்கில் இருக்க மாட்டார். இதைத் திருத்த நல்ல வழி இல்லை. ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுக்கு மேல் என்று வயதைப் பிரித்து வைத்தால் விடுபட்டது எந்தப் பக்கம் சாய்க்கிறது என்றாவது தெரியும்.

சில வருஷம் கழித்துத் திரும்ப அளக்கும்போது விகிதமும் வித்தியாசமும் வேறு வேறு கதை சொல்லும். எல்லாப் பிரிவும் 10 புள்ளி ஏறியதாக வைத்தால் 28 என்பது 38. 60 என்பது 70. வித்தியாசம் 32-லேயே நிற்கும், விகிதமோ 2.14-லிருந்து 1.84 ஆகும். ஒன்று 'மாறவில்லை' என்னும். மற்றது 'குறைந்தது' என்னும். இரண்டையும் போட்டு, அடிப்படியின் நேரடி எண்ணையும் கூடவே போட்டால்தான் படிப்பவரை ஏமாற்றாமல் இருக்கலாம்.

பலன் கிடைக்காத 324 பேர்

540-இல் 216 போக மீதி 324 பேர். இவர்களில் 193 பேருக்கு ஆபரேஷனே ஆகவில்லை. 131 பேருக்கு ஆகியும் 6/12 தெரியவில்லை. ஏழைப் பிரிவில் மட்டும் 66-உம் 42-உம்.

ஆபரேஷன் ஆகாதவரிடம் ஏன் என்று கேட்டால் வரும் பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவிட்டுப் பிறகு வகைப்படுத்துவது நல்லது. "இனிமே பாத்து என்ன செய்யப் போறேன்" என்பதைத் தேவையை உணராதவர் என்று ஒரு கட்டத்தில் அடைத்துவிடுவார்கள். பேச்சைத் தொடர்ந்தால், ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பேரனைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், கூடத் தங்க மருமகளுக்குக் கூலி போகும் என்று வரும். ஆபரேஷன் இலவசமென்றாலும் துணைக்கு வருகிறவரின் கூலி இலவசம் இல்லை. விடையாக ஒன்றை மட்டும் குறிக்கச் சொல்லும் படிவம் இதைத் தொலைத்துவிடும். மூன்று வரை குறிக்க இடம் விட வேண்டும்.

ஆபரேஷன் ஆகியும் தெரியாதவரிடம் காரணம் நாலில் ஒன்றாக இருக்கும்: கண்ணுக்குப் பின்னால் ஏற்கெனவே வேறு நோய், ஆபரேஷனின்போது வந்த சிக்கல், பின்னால் லென்ஸுக்குப் பின்புற உறை மங்கியது, கண்ணாடி இல்லாதது. கடைசியைக் காட்டிக்கொடுப்பது ஊசித்துளைக் கட்டம். ஏழைப் பிரிவின் 42 பேரில் 24 பேருக்குத் துளை வைத்ததும் 6/12 தேறியது என்று கொள்வோம். வசதிப் பிரிவின் 14 பேரில் 5 பேருக்கு. இவர்களுக்குச் சரியான கண்ணாடி மட்டும் கொடுத்தால் ஏழைப் பிரிவு 150-க்கு 66 பேர், அதாவது 44 சதவீதம். வசதிப் பிரிவு 70-க்கு 47 பேர், 67.1 சதவீதம். ஒரு கண்ணைக்கூடப் புதிதாக ஆபரேஷன் செய்யாமல் இடைவெளி 32 புள்ளியிலிருந்து 23 ஆகிறது.

அந்த 24 பேரின் கொத்து எண்ணும் வீட்டு எண்ணும் தாளில் இருக்கின்றன. பகுப்பாய்வுக்கு அனுப்பும் கோப்பில் பெயரை நீக்க வேண்டும். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் பரிசோதகருக்குப் போகும் பட்டியலில், அவர்கள் ஒப்புதலோடு, பெயர் இருக்க வேண்டும். கண்ணாடி தயாராகி ஊருக்கு வந்து சேரும் தேதியையும் அதே பட்டியலில் ஒரு கட்டமாக வைக்கலாம். அளவெடுத்து எழுதிக் கொடுத்த சீட்டோடு நின்றுபோன கண்ணாடிகள்தான் இந்த 24-இல் பலருக்கும் காரணமாக இருந்திருக்கும்.